நடு அளவுக்காரி

பெண்களை அளந்த வருஷத்தை எங்கள் ஊரில் இன்னமும் எம்மக்கா வந்த வருஷம் என்றுதான் சொல்கிறார்கள்.

அந்த வருஷம் மாசியில் பனியன் கம்பெனி முதலாளி சென்னியப்பனுக்கு ஒரு யோசனை வந்தது. முப்பது வருஷமாக அவருடைய கம்பெனி கடல் தாண்டி வந்த அளவுகளுக்கே தைத்துக்கொண்டிருந்தது, அகலத் தோளும் நீளக் கையும் கொண்ட, இங்கே யாரும் கண்ணால் பார்த்திராத பெண்களுக்கு. நம் பெண்களுக்கும் தைத்து விற்போமே என்று அதே அளவில் சுடிதார் தைத்துக் கடைகளுக்கு அனுப்பினால், தோளில் தொங்குகிறது, இடுப்பில் பிடிக்கிறது, அக்குளில் அறுக்கிறது என்று மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தது. நம் பெண்களின் அளவு எந்தக் காகிதத்திலும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "இல்லைன்னா அளந்துருங்க," என்றார். மூன்று பெண்கள் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அவர்களுக்குத் தலைவி கோகிலவாணி.

கோகிலவாணிக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருஷம் கட்டிங் மேஜையில் நின்றவள். அவள் டேப்பை வைத்தால் யாருக்கும் கூசாது என்று பேர். அந்த மூவரும் வேலைக்கு வந்த பெண்கள் தங்கும் ஹாஸ்டல்களிலும், ரேஷன் கடை வரிசையிலும், பஸ் ஸ்டாண்டிலும், கோயில் மண்டபத்திலும் ஒரு பழைய சேலையை மறைப்பாகக் கட்டி, அதற்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக நிறுத்தி, ஒருத்திக்கு முப்பத்திரண்டு இடமென்று, கழுத்து முதல் கணுக்கால் வரை அளந்தார்கள். டேப் உடம்பில் ஓடும்போது பெண்கள் பேசினார்கள். மாமியாரைப் பற்றி, வலிக்கிற முட்டியைப் பற்றி, கலைந்துபோன பிள்ளையைப் பற்றி. பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற ஒருத்தி அளந்து முடித்ததும் அழுதாள். திட்டாமல் என்னை இவ்வளவு நேரம் யாரும் தொட்டதே இல்லை என்றாள். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேரை அவர்கள் அப்படித் தொட்டு முடித்தார்கள்.

அளவு கொடுத்தவர்களில் ஒருத்தி ஆவுடைத்தாய். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து கம்பெனி ஹாஸ்டலில் தங்கிச் செக்கிங் வேலை பார்த்தவள், பத்தொன்பது வயது. மறைப்புக்குப் பின்னால் வந்தபோது அவளுடைய சுடிதார் இடுப்பின் இரண்டு பக்கமும் ஊக்குக் குத்தியிருந்தது. கோகிலவாணி இடுப்பில் டேப்பைச் சுற்றிப் பார்த்தாள். இருபது இஞ்ச். கழற்றி மறுபடி சுற்றினாள். இருபதுதான்.

"நல்லாச் சாப்பிடறியா கண்ணு?"

"சாப்புடுதேன்க்கா."

"ஒடம்புக்கு ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் அசதி. அவ்வளவுதான்."

மறைப்புக்கு வெளியே அறுபது பேர் நின்றார்கள். ஷிப்ட் மணி அடிக்கக் கால்மணி நேரம் இருந்தது. கோகிலவாணி இருபது என்று சொன்னாள், கூட வந்தவள் எழுதிக்கொண்டாள், "அடுத்து வாங்க," என்று கோகிலவாணி குரல் கொடுத்தாள். நாற்பது நாள் கழித்து, ஹாஸ்டலில் ஒரு பெண் நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள் என்று கேண்டீனில் பேசிக்கொண்டார்கள். கோகிலவாணி அவள் பெயரைக் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்பதால் கேட்கவில்லை.

அளவுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சைஸ் சார்ட் போடுகிற வேலை யுவராஜுடையது. முதலில் நடுவில் ஒருத்தியைப் பிடிக்க வேண்டும், அவளுக்கு மேலே கூட்டியும் கீழே குறைத்தும் மற்ற சைஸ்களைப் போட்டுக்கொள்ளலாம் என்று அவன் சொன்னான். இரண்டு மாதம் கூட்டியும் வகுத்தும் அந்த நடுப் பெண்ணைப் பிடித்தான். ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை சார்ட்டைக் கட்டிங் ஹால் சுவரில் ஒட்டி, மீடியம் அளவில் முதல் சுடிதாரைத் தைத்து மேஜைமேல் மடித்து வைத்த அரைமணி நேரத்தில், பூப்போட்ட நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாக ஒரு பெண் கம்பெனி கேட்டில் வந்து நின்றாள்.

"யாரைப் பாக்கணுமுங்க?" என்றார் வாட்ச்மேன்.

"அளவெடுத்தாங்கள்ல. அதான் வந்தேன்."

உள்ளே கூட்டிப் போய்ச் சுடிதாரைக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்டு வந்தாள். எங்கேயும் தொங்கவில்லை, எங்கேயும் பிடிக்கவில்லை. கோகிலவாணி முப்பத்திரண்டு இடத்திலும் டேப்பை வைத்துப் பார்த்தாள், யுவராஜ் சுவரைப் பார்த்துச் சரி சரி என்று சொல்லிக்கொண்டே வந்தான், கடைசி அளவு கணுக்கால், அதுவும் சரி. "காலையில சாப்பிட்டீங்களா?" என்று கோகிலவாணி கேட்டாள். இல்லை என்றதும் கேண்டீனுக்குக் கூட்டிப் போனாள். அவள் இட்லி மூன்று சாப்பிட்டு, நாலாவதில் பாதியை வைத்துவிட்டாள்.

ஹாஸ்டலில் அவளுக்கு ஒரு கட்டில் ஒதுக்கினார்கள். பெயர் கேட்டதற்கு யோசித்து, நிறையப் பெயர் வாய்க்கு வருகிறது, எது என்று தெரியவில்லை என்றாள். மீடியத்துக்கு எம் என்றுதான் கம்பெனியில் எழுத்து, ஆகவே பெண்கள் அவளை எம்மக்கா என்று கூப்பிட்டார்கள், கூப்பிட்டுப் பழகப் பழக அது எம் அக்கா, எங்கள் அக்கா என்றே காதில் விழுந்தது. அவளுக்கு வயது முப்பத்தொன்றும் சில மாதமும் இருக்கும் போலிருந்தது. வயிற்றில் ஒன்றேமுக்கால் பிள்ளை பெற்ற வரிகள் இருந்தன. குடம் சுமந்த இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, வலது ஆட்காட்டி விரலில் ஊசி ஏறிய வடு இருந்தது, குதிகால் வெடித்திருந்தது. பேச ஆரம்பித்தால் எங்கள் ஊர்ப் பேச்சில் தொடங்கி ராமநாதபுரத்துப் பேச்சில் முடிப்பாள். ஆதார் எடுக்கப் போனபோது அவள் கைரேகை நூறு பேரோடு கொஞ்சம் கொஞ்சம் ஒத்துப்போகிறது என்று மிஷின் திணறியது, அங்கே உட்கார்ந்திருந்தவர், இன்னொரு நாள் வாங்கம்மா, கூட்டமா இருக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அளவு கொடுத்த ஒவ்வொருத்திக்கும் அவளில் ஒரு பங்கு உண்டு என்பதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை, எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டல் சாப்பாட்டு ஹாலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்தார்கள், ரேஷன் கடை வரிசையிலும் கோயில் மண்டபத்திலும் அளவு கொடுத்தவர்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து அவளைப் பார்த்தார்கள். பூக்காரி அவளுடைய முழங்கையைப் பார்த்து, இந்தா என் முழங்கை என்றாள். கோபித்துக்கொண்டு போன மனைவியைத் தேடிக் களைத்த ஒருவன் வந்து, தூரத்தில் நின்று, எம்மக்கா எழுந்து நடக்கிற நடையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். வந்தவர்கள் யாரும் எதுவும் கிடைக்காமல் திரும்பியதில்லை. ஒரு காது மடல், ஒரு நகம், தும்மும்போது மூக்கைச் சுருக்குகிற விதம், எதாவது ஒன்று கிடைத்தது. டெய்லர் கடைகளில் மாதிரி ரவிக்கை கேட்பதை விட்டுவிட்டு, எம்மக்காவைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

கோகிலவாணி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டல் பக்கம் போகமாட்டாள்.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளைக் கூப்பிட்டு விட்டார்கள். போனால், ஹாலில் கறுத்து மெலிந்த ஒரு அம்மா, பயணத்தில் கசங்கிய சேலையோடு எம்மக்காவின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். பெயர் சுடலைவடிவு. ஆவுடைத்தாயின் அம்மா. மகளோடு வேலை பார்த்த பெண் போன் போட்டு, உங்க மகளும் இதுல இருக்கா அத்தை, வந்து பாருங்க என்று சொல்லியிருந்தாள். மகள் போய் ஏழு மாதம் ஆகியும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் என்று அந்தப் பெண் கோகிலவாணியின் காதில் சொன்னாள்.

சுடலைவடிவு அவசரப்படாமல் தேடினாள். எம்மக்காவின் இரண்டு பாதங்களையும் மடியில் வைத்து விரல் விரலாகப் பார்த்தாள். முட்டியைத் தடவினாள், உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள், தலைமுடியை ஒதுக்கிப் பிடரியைப் பார்த்தாள், மோந்தும் பார்த்தாள். எம்மக்கா திரும்பச் சொன்ன பக்கமெல்லாம் திரும்பினாள். சுற்றி நின்ற பெண்கள், பல்லைப் பாருங்க, சிரிக்கச் சொல்லிப் பாருங்க என்றார்கள். எம்மக்கா சிரித்தாள்.

சுடலைவடிவு கையை எடுத்துக்கொண்டாள்.

"நல்ல புள்ளையாத்தான் இருக்கா. ஆனா எம் மவ இதுல ஒரு எடத்துலயும் இல்லியே தாயி," என்றாள்.

கோகிலவாணி யுவராஜுக்குப் போன் பண்ணிக் கம்பெனிக்கு வரச் சொன்னாள். லீவு நாளிலும் அவன் வந்து கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தான்.

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறாவது வரிங்கக்கா. அது சேரலை."

"ஏன் சேரலை?"

"ரொம்ப ஒல்லி, ரொம்பக் குண்டு, கூன், ஒரு பக்க மார் எடுத்தவங்க, இப்படி நூத்தி முப்பத்தெட்டுப் பேரைத் தள்ளிட்டுத்தான் கணக்குப் போட்டேன். எல்லா எடத்துலயும் அப்படித்தானுங்க போடறது. அவங்களைச் சேத்தா நடு நகந்துரும்."

அவன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. கோகிலவாணி அந்த வரியை அச்செடுக்கச் சொல்லி வாங்கி, அவனையும் லேப்டாப்போடு கூட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்குத் திரும்பினாள். சுடலைவடிவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். உங்கள் மகளின் அளவைச் சேர்க்கவில்லை, அதனால்தான் இல்லை என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"நான்தானுங்க அளந்தேன். இடுப்பு இருபது. நம்ப முடியாம ரெண்டு தடவை புடிச்சுப் பாத்தேன். பத்தொம்பது வயசுப் புள்ளைக்கு அது இருக்கற அளவில்லைன்னு என் கைக்குத் தெரிஞ்சுது. அன்னைக்கே கையோட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கணும். வரிசை நின்னுச்சு. அடுத்து வாங்கன்னு சொல்லிட்டேன்."

சுடலைவடிவு அவளைத் திட்டவுமில்லை, பரவாயில்லை என்று சொல்லவுமில்லை.

"என்னென்ன அளந்த? வாசி," என்றாள்.

கோகிலவாணி வாசித்தாள். உயரம் நாலடி பதினொன்று. தோள் பதின்மூன்று. "அவ அப்பன் தோளு," என்றாள் சுடலைவடிவு. கை நீளம் இருபத்தொன்று. "பரண்ல ஏதும் எடுக்கணும்னா அவளத்தான் கூப்புடுவேன்." மணிக்கட்டு நாலேகால். "கண்ணாடி வளையல் நிக்காது. கழண்டு கழண்டு விழும்." இப்படி ஒவ்வொரு எண்ணையும், ஊரிலிருந்து வந்த சேதியைக் கேட்பதுபோல, தலையை ஆட்டி வாங்கிக்கொண்டாள். இடுப்பு இருபது என்று வந்தபோது இரண்டு கையையும் வளைத்து அந்த அளவைப் பிடித்துப் பார்த்தாள்.

"இங்க வாரப்ப இருவத்தியாறு. நாந்தான் பாவாட தச்சுக் குடுத்தேன்."

முப்பத்திரண்டும் முடிந்தது. அவளைச் சேர்த்துவிடுங்கள் என்றாள் சுடலைவடிவு. அவளை மட்டுமில்லை, நூற்று முப்பத்தெட்டுப் பேரையும் சேர் என்றாள் கோகிலவாணி. முதலாளியைக் கேட்க வேண்டும் என்று யுவராஜ் இழுத்தான். சுற்றி நின்ற பெண்கள் அவனைப் பார்த்த பார்வையில் லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டான். சேர்த்து முடித்து ரொம்ப நேரம் திரையைப் பார்த்தான். பெரிதாக மாற்றமில்லை, குண்டானவர்களும் ஒல்லியானவர்களும் ஒருவரையொருவர் சரிக்கட்டிவிட்டார்கள், புள்ளிக்குப் பின்னால் இரண்டாவது இடத்தில்தான் கொஞ்சம் அசைந்திருக்கிறது என்றான்.

"அதுல எம் மவ எவ்வளவு?"

"நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டுல ஒரு பங்குங்கம்மா. தலைமுடி கனம்கூட வராது."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த எம்மக்கா எழுந்து, திரும்பி நின்று, பாவாடை நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டாள்.

"அம்புட்டு இருந்தாப் போதும். நா இவள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவணும்," என்றாள் சுடலைவடிவு.

எதற்கு என்று யாரோ கேட்டார்கள். அவள் சொன்னாள். ஆவுடைத்தாய் இறந்ததும் ஆஸ்பத்திரியில் துணி சுற்றிக் கட்டி, ஆம்புலன்ஸில் ஏற்றி, நானூறு கிலோமீட்டர் கொண்டுவந்தார்கள். ஊருக்கு வெளியே உயிர் போன உடம்பை வீட்டுக்குள் எடுக்கக்கூடாது என்பது அங்கே வழக்கம். தெருவில் ஒரு பெஞ்சைப் போட்டுக் கிடத்தி, முகத்தை மட்டும் திறந்து காட்டி, அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ரெண்டு வருஷமாக, தீவாளிக்கு வாரேன், பொங்கலுக்கு வாரேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை, வாசல்வரை வந்தும் வீட்டுக்குள் வரவில்லை.

"ஒரு தடவ உள்ள வந்துட்டுப் போவட்டும். அவ்வளவுதான்."

எம்மக்காவை அனுப்புவதா என்று ஹாஸ்டல் பெண்கள் அன்று மத்தியானம் முழுக்கப் பேசினார்கள். அவளில் எல்லாருக்கும் பங்கிருந்ததால் எல்லாரையும் கேட்க வேண்டியிருந்தது. பூக்காரிக்கு ஆள் போனது, ரேஷன் கடைத் தெருவுக்கு ஆள் போனது. போனவள் திரும்பி வராவிட்டால் என் முழங்கை என்ன ஆவது என்றாள் பூக்காரி. சென்னியப்பன் போனில், அடுத்த வாரம் சாம்பிள் போட்டுப் பார்க்க அவள் வேண்டும் என்றார். கடைசியில் ராமநாதபுரத்துப் பெண் ஒருத்தி, பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "நான் வீட்டுக்குப் போயி மூணு வருசமாச்சு. எம்மக்கா ஒரு அம்மா வீட்டுக்குள்ள போனா, நானும் போன மாதிரிதானே." அதோடு முடிவாயிற்று. எம்மக்காவை யாரும் கேட்கவில்லை, ஆனால் அவள் அதற்குள் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். கோகிலவாணியை யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே ஏறினாள், வராதே என்றும் யாரும் சொல்லவில்லை. மதுரையில் மாறி, சங்கரன்கோவிலில் மாறி, டவுன் பஸ் பிடித்து இறங்கியபோது மணி மூன்றரை. எம்மக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு ஊரிலும் ஏறி இறங்குகிற பெண்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சில பேர் அவளைப் பார்த்து, எங்கேயோ பார்த்த முகம் என்று சிரித்தார்கள்.

தெருவுக்கு விஷயம் முன்னாலேயே தெரிந்திருந்தது. தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். ஆவுடை வந்திருக்காளாம் என்றது ஒரு குரல். கொஞ்சமாத்தான் வந்திருக்காளாம் என்றது இன்னொரு குரல். கொஞ்சமா வந்தாலும் வந்த புள்ளதானே, தண்ணி கொண்டா என்றார்கள். ஒரு செம்பில் மஞ்சள் கரைத்த தண்ணீர் எடுத்து எம்மக்காவின் கால்களில் ஊற்றினார்கள்.

சுடலைவடிவு வீட்டைத் திறந்து முதலில் உள்ளே போனாள். தெருவில் மூன்று தடவை சிமெண்ட் ரோடு போட்டு மேடாக்கியதில் வீடு பள்ளத்தில் இறங்கி, வாசல் நிலையின் மேல்கட்டை நெற்றி மட்டத்துக்கு வந்திருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போன கோகிலவாணி படீரென்று இடித்துக்கொண்டு, நெற்றியைப் பிடித்தபடி பின்வாங்கினாள். "புதுசா வாரவுக எல்லாரும் இடிச்சுக்கிடுவாவ. இந்த வீட்டு ஆளுவளுக்குத்தான் பழக்கம்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அப்படியே எம்மக்காவின் கையைப் பிடித்து, வழியில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள்.

எம்மக்கா கழுத்தைத் திருப்பி, அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டே, வாசலைப் பார்க்காமல், இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டில், பேச்சை நிறுத்தாமல், தலையை இடப்பக்கமாகச் சாய்த்துக் குனிந்து, நிலையைக் கடந்து நிமிர்ந்தாள்.

தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே, அடுப்புக்குப் பக்கத்தில் நின்று சுடலைவடிவும் பார்த்தாள்.

முதலில் சத்தமே வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. பிறகு, ஏழு மாதமாக எங்கேயோ அடைத்துக்கொண்டிருந்தது உடைத்துக்கொண்டு வர, "எம்மா... வந்துட்டியா," என்று அவள் தரையில் சரிந்தாள். தெருப்பெண்கள் வாசலிலேயே உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள், போன தடவை அவசரத்தில் அழாமல் விட்டதையும் சேர்த்து அழுதார்கள். எம்மக்கா சுடலைவடிவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவளும் அழுதாள். அந்த அழுகையில் எத்தனை பேர் அழுகிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கோகிலவாணி தெருவிலேயே நின்றாள். நெற்றி புடைத்து வலித்தது. ஐந்தே காலுக்கு ஒரு பஸ் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அவள் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. அழுகை மெல்ல ஓய்ந்தது. உள்ளே அரிசி களைகிற சத்தம் கேட்டது, அடுப்பு பற்றவைத்த புகை ஓட்டு இடுக்கில் வெளியே வந்தது. சோறு பொங்கிக் கஞ்சி வடித்து, தட்டுகளை எடுத்து வைக்கிற சத்தமும் கேட்டது.

பிறகு, முகத்தைக் காட்டாமல், உள்ளேயிருந்து சுடலைவடிவின் குரல் வந்தது.

"வெளிய நிக்குற அந்தப் பொம்பளையையும் வரச் சொல்லு. பாத்துக் குனிஞ்சு வரச் சொல்லு."